அஞ்சேமுக்கால் அக்கா

காலை ஐந்தே முக்காலுக்கு அந்த நாலு மாடிக் கட்டடத்தின் இருபத்திரண்டு வீடுகளிலும் போன் ஒரே சமயத்தில் முனகும். மூன்றாம் மாடி அக்காவின் குரல்செய்தி வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த முனகலுக்கு எழுந்துகொள்ளலாம் என்று அலாரம் வைப்பதையே பல பேர் விட்டுவிட்டார்கள்.

"வணக்கம். மணி அஞ்சே முக்கால். எழுந்த உடனே போனைத் தேடாதீங்க. ஏற்கெனவே தேடி எடுத்திருந்தா, நான் பேசி முடிச்சதும் கீழே வெச்சிடுங்க."

இப்படித்தான் ஆரம்பிப்பாள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஆபரேட்டராக உட்கார்ந்த குரல் அது. ஒரு எழுத்துகூட மற்றொன்றின் மேல் இடிக்காது. ஓய்வு பெற்ற மறுமாதமே அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் தொண்டை கட்டிக்கொண்டதாக அவளே சொல்வாள். அதற்கு வைத்தியம் தேடப் போய் இஞ்சிச் சாறும் தேனும் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை நாலு பேருக்குச் சொன்னாள். அந்த நாலு பேர் இப்போது நானூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தார்கள்.

செய்தி நாலு நிமிஷம். முதல் இரண்டு நிமிஷம் உடம்பு. வெந்நீர், சீரகம், பொறுமையாக மெல்லுதல், சாப்பிட்டதும் சாயாமல் இருத்தல். பிறகு, "இது வயித்துக்கு. இனி நாட்டுக்கு" என்பாள். அடுத்த இரண்டு நிமிஷம் அன்றைய செய்தித்தாளைப் பிரித்துப் போட்டுத் துவைப்பாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பாடத்தை எடுத்துவிட்டார்களா, வங்கியில் மனுஷன் உட்கார்ந்த இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டார்களா, பிள்ளைகள் கல்யாணத் தேதியைப் பெற்றவர்களுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறார்களா, எதுவும் தப்பாது. சில நாள் மலச்சிக்கலுக்கு ஊறவைத்த திராட்சை சொன்ன கையோடு, நகராட்சியில் நகராமல் கிடக்கும் கோப்புக்குப் போய்விடுவாள். எங்கே வயிறு முடிந்தது, எங்கே நகராட்சி தொடங்கியது என்று கேட்பவருக்குப் பிடிபடாது.

தரைத்தளத்துத் தையல்காரர் ஒரு காலத்தில் கட்சிக்கொடி பிடித்த மனிதர், அக்கா கிழக்கு என்றால் மேற்கு என்பவர். "வயிறு வரைக்கும்தான் கேப்பேன். நாட்டுக்குன்னு சொன்னதும் ஆஃப் பண்ணிடுவேன்" என்று எல்லோரிடமும் சொல்வார். சொல்லிவிட்டு, அன்றைக்கு அக்கா நாட்டைப் பற்றிச் சொன்னதை வரி விடாமல் சொல்லிச் சண்டைக்கு நிற்பார்.

வீட்டில் அவளுடைய ஆராய்ச்சிக்கூடம் அவள் கணவர். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். ஊர் நிலத்தையெல்லாம் அளந்து முடித்த பிறகு வீட்டில் வார்த்தையை அளக்க ஆரம்பித்தார். எந்த வைத்தியமானாலும் முதலில் அவர்மேல் பரீட்சை செய்துதான் அக்கா வெளியே விடுவாள். முள்ளங்கிச் சாறு, பூண்டு எண்ணெய், மிளகுக் கஷாயம், எதைக் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட்டு, அல்லது தேய்த்துக்கொண்டு, "பரவாயில்லை" என்பார். அக்கா அதைக் குறித்துக்கொண்டு மறுநாள், "பரிசோதிச்சுப் பார்த்தது" என்று அறிவிப்பாள். அவர்களின் ஒரே மகள் பக்கத்து ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தாள். இதை மட்டும் அக்கா குரல்செய்தியில் சொன்னதில்லை.

இப்படி வயிறும் நாடும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அரசாங்கம் கடிகாரத்தில் கை வைத்தது.

வரும் மாதம் முதல் ஞாயிறன்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். மாலையில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும், மின்சாரம் மிச்சமாகும். இந்த ஏற்பாடு ஆறு மாதம் இருக்கும் என்று அறிவிப்பு வந்தது. அந்த நாட்டில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

அன்றைக்குக் குரல்செய்தி ஒன்பது நிமிஷம் ஓடியது. வயிறும் நாடும் முதல் வரியிலிருந்தே ஒன்றாகக் கலந்தன.

"கல்லீரலுக்கு அமைச்சரவை தெரியாது. பித்தம் அரசாணை படிக்காது. காலையில வயிறு எப்போ கேக்கணும், கண்ணு எப்போ சொக்கணும்னு உள்ளுக்குள்ள ஒரு மணி ஓடுது. அதைத் தள்ளி வைக்க எந்த மந்திரிக்கும் கை எட்டாது. முப்பத்தோரு வருஷம் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து 'மணி என்னம்மா'ன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சரியான மணி சொல்லியிருக்கேன். இப்ப பொய் மணி சொல்லச் சொன்னா என் வாயிலே வராது. எங்க வீட்டுக் கடிகாரம் அப்படியேதான் இருக்கும்."

அப்படியேதான் இருந்தது. அதாவது சமையலறைக் கடிகாரம். ஓய்வூதிய அலுவலகம், பேருந்து, நூலகம் என்று வெளி வேலையெல்லாம் சர்வேயர் தலையில் இருந்ததால், அவர் கூடத்துக் கடிகாரத்தைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்துக்கொண்டார். அக்கா அதைப் பார்க்காத மாதிரி கடந்து போனாள். ஒரே வீட்டில் அவர் எட்டு மணிக்குப் பசியோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார். அவள் ஏழு மணிக்கு நிதானமாகக் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

கட்டடத்துக்கும் கஷ்டம்தான். அக்காவின் ஐந்தே முக்கால் ஊருக்கு ஆறே முக்கால். அலாரத்தை மறந்திருந்தவர்கள் முதல் வாரம் பள்ளி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். "இனிமே உங்களை ஆறேமுக்கால் அக்கான்னு கூப்பிடணுமா?" என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டார் தையல்காரர்.

"உங்க கத்தரிக்கோலுக்கு ஆறு அங்குலம் ஏழு அங்குலமா ஆகிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அக்கா இறங்கிப் போனாள்.

பல் மருத்துவரிடம் நாலு மணிக்குப் போக வேண்டியவள் ஒரு மணி நேரம் கழித்துப் போய் நின்றாள். வரவேற்பில் இருந்த பெண், "டைம் முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி" என்றாள்.

"பல்லு பழைய மணிப்படிதான் வலிக்குதும்மா. அதைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட சொல்லு."

அந்தப் பெண் சிரித்தாளே தவிர, கதவைத் திறக்கவில்லை. அக்கா இரண்டு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வீடு திரும்பினாள். கொள்கைக்காகப் பல்வலி தாங்கியவள் என்று அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

கல்லீரல் செய்தி கை மாறிக் கை மாறி ஊர் ரேடியோ நிலையத்துக்குப் போய்விட்டது. அங்கே காலை நிகழ்ச்சி நடத்தும் பெண் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் நேரடி விவாதம். மணியை மாற்றியது சரி என்று பேச ஒரு டாக்டர் வருகிறார். தவறு என்று பேச அக்கா வர வேண்டும்.

"பத்து மணிக்கு ஆன்ட்டி."

"எந்தப் பத்து மணி?"

அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்தோ வேறு யாரோ குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம பத்து மணிதான் ஆன்ட்டி" என்று அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா போனைக் கீழே வைத்தபோது முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "கேட்டீங்களா? ரேடியோக்காரங்களே 'நம்ம' மணின்னு சொல்றாங்க."

சர்வேயர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வாயைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் சீக்கிரமே கிளம்பினார். கண்ணாடிக்கு பிரேம் மாற்ற வேண்டும், கடை ரேடியோ நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, வேலையை முடித்துக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று. தனியாகக் கண்ணாடி முன் நின்று கல்லீரலையும் பித்தத்தையும் மூன்று தடவை ஒத்திகை பார்த்தாள். காலைச் செய்தி போனதும் நண்பகல் வரை போனை அணைத்து வைப்பது அவள் வழக்கம், கண்ணுக்கு ஓய்வு. ஆகவே ரேடியோ நிலையத்திலிருந்து பதினோரு தடவை அழைத்தது அவளுக்குத் தெரியாது. சமையலறைக் கடிகாரம் ஒன்பதே கால் காட்டியபோது, முக்கால் மணி நேரம் கையில் இருக்கிற நிம்மதியோடு கீழே இறங்கி டாக்ஸியில் ஏறினாள்.

டாக்ஸியில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் இருமினார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று குளிர்காலமாக மிளகுக் கஷாயம் கொடுத்தும் போகாத இருமல் அது.

"அப்ப உங்க வீட்ல ரெண்டு மணி ஓடுதா சார்?" என்று நிகழ்ச்சிக்காரப் பெண் கேட்டாள்.

"ஓடுதும்மா. சமையலறையில அவ மணி, ஹால்ல அரசாங்க மணி. நடுவுல நான் ஓடறேன்."

ரேடியோவில் சிரிப்பு. டாக்ஸிக்காரரும் சிரித்தார். அக்காவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. எந்தப் பத்து மணி என்பதும், நிலையத்து வரவேற்பறையில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதரை இழுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதும்.

"வேகமாப் போங்க தம்பி" என்றாள்.

ரேடியோவில் டாக்டர் புள்ளிவிவரம் சொல்ல ஆரம்பித்தார். சர்வேயர் மரியாதையாக இடைமறித்தார். "டாக்டர், நான் நிலம் அளந்தவன். எல்லைக்கல்லைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டா நிலம் வளராது. வெளிச்சமும் அப்படித்தான், இருக்கிறதுதான் இருக்கும். கல்லை நகர்த்தறவங்க அதுக்கு முன்னாடி பக்கத்து நிலத்துக்காரங்களை ஒரு வார்த்தை கேக்கணும். என் வீட்டுக்காரி சொல்றது அவ்வளவுதான். அவ கல்லீரல்னு சொல்றா, நான் கல்லுன்னு சொல்றேன்."

அக்கா மூன்று தடவை ஒத்திகை பார்த்ததில் இப்படி ஒரு வரி இல்லை. இந்த மனிதருக்குள் இவ்வளவு பேச்சு இத்தனை நாள் எங்கே இருந்தது என்று மலைத்துப் போனாள். கண் ஓரம் ஈரமானது. அதைத் துடைப்பதற்குள் நிகழ்ச்சிக்காரப் பெண் அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"அவங்க சொல்ற இயற்கை வைத்தியமெல்லாம் உங்களுக்குப் பலிச்சிருக்கா சார்?"

"தூக்கத்துக்குச் சொன்னது பலிச்சுது."

"என்ன சொன்னாங்க?"

"ராத்திரி நியூஸ் பாக்காதீங்கன்னு. அவ பாத்து எனக்குச் சொல்லுவா. பாதியிலேயே எனக்குத் தூக்கம் வந்துடும்."

டாக்ஸிக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அக்கா கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"முட்டிவலி?"

"அது..." சர்வேயர் இழுத்தார். "அவ பூண்டு எண்ணெய் குடுப்பா. நல்ல எண்ணெய். ஆனா வலிக்கு நான் டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிப் போடறேன். இப்பக்கூட அங்கேருந்துதான் வந்தேன். பையில இருக்கு."

"வீட்ல தெரியுமா சார்?"

சர்வேயர் மறுபடி இருமினார். "இப்ப தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"எங்கே ஒளிச்சு வெப்பீங்க?"

"பழைய அளவு நாடா டப்பாவுல. என் தொழில் சாமானை அவ தொடவே மாட்டா. அதுமேல அவளுக்கு மரியாதை."

டாக்ஸிக்காரர் தலையை ஆட்டினார். "பாவம்மா இந்த மனுஷன். அந்தம்மா எப்படி இருப்பாங்களோ!"

"எப்படி இருப்பேன்னு திரும்பிப் பாருங்க தம்பி" என்றாள் அக்கா.

டாக்ஸிக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார்.

நிலையத்துத் தாழ்வாரத்தில் சர்வேயர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அக்கா அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"எந்தப் பத்து மணின்னு நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

அவள் பார்வை அவர் பைக்குப் போனது. "எத்தனை நாளா?" என்றாள்.

"ரெண்டு வருஷமா."

"அப்ப என் எண்ணெய்?"

"அதையும் தேய்க்கிறேன். தேய்க்கும்போது நல்லாத்தான் இருக்கு."

"டாக்டரைக் காட்டி விட்டது யாரு?"

சர்வேயர் விட்டத்தைப் பார்த்தார். தாழ்வாரத்து விட்டத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அக்காவுக்கு மகளின் முகம் தெரிந்தது.

இருவரும் வீடு திரும்பினார்கள். நண்பகலில் போனைத் திறந்தால் செய்திகள் கொட்டின. "ஐயா பேசினது அருமை", "எல்லைக்கல் பிரமாதம்", "ஐயாவைத் தினமும் பேசச் சொல்லுங்க." அக்கா வருவாள் என்று காத்திருந்ததாக ஒருவர்கூட எழுதவில்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை கட்டடத்தில் எந்தப் போனும் முனகவில்லை. பழைய மணிக்கும் இல்லை, புது மணிக்கும் இல்லை. ஏழரைக்குத் தையல்காரர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நான் கேக்கறதில்லைன்னு உங்களுக்குத் தெரியும். வீட்ல கேட்டாங்க."

"தொண்டை சரியில்லை" என்றாள் அக்கா. தெளிவான, கணீரென்ற குரலில்.

அவர் இறங்கியதும் மகளுக்குப் போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் என்னை ஏமாத்தியிருக்கீங்க" என்றாள்.

"அப்பா பயந்து ஒளிக்கலைம்மா. உனக்கு மனசு கஷ்டப்படும்னு ஒளிச்சாரு."

"நான் சொல்றதெல்லாம் பொய் வைத்தியமா?"

"யாரும்மா சொன்னா? வெந்நீர் குடிங்க, நடங்க, மென்னு சாப்பிடுங்கன்னு நானே கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்றேன். எங்கம்மா சொன்னதுன்னும் சொல்றேன். ஆனா அப்பாவுக்கு முட்டி தேஞ்சிருக்கு. மலையும் மேடுமா ஏறி இறங்கின கால். எண்ணெயால தேஞ்சது வளருமா?"

மகள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. அவர் அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடறாரா? வெறும் வயித்துல போட்டா வயித்தைப் புண்ணாக்கிடும். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷமாக அவருக்கு நெஞ்செரிச்சல். அதற்கு அவள் சோம்புத் தண்ணீர் கொடுத்தாள், மோர் கொடுத்தாள், புளிப்பை நிறுத்தினாள். ஒன்றுக்கும் அடங்காத நெஞ்செரிச்சலை, "அரசாங்கத்தை நினைச்சு வர்றது" என்று குரல்செய்தியிலேயே சொல்லியிருக்கிறாள். அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, விடிந்ததும் விடியாததுமாக, வெறும் வயிற்றில் டப்பாவைத் திறந்திருக்கிறார் மனிதர்.

கூடத்துக்குப் போனாள். அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். "அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவர் கொண்டு வந்து கொடுத்தார். அவளாக முதல்முறை அதைத் திறந்தாள். மாத்திரைப் பட்டைகளை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டர் எத்தனை மணிக்குப் போடச் சொன்னாரு?"

"காலையில எட்டரைக்கு. சாப்பிட்டதும்."

"எந்த எட்டரை?" என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிச் சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றினாள்.

மறுநாள் புது மணி ஐந்தே முக்காலுக்குப் போன்கள் முனகின.

"வணக்கம். வீட்ல யாராவது மாத்திரையை ஒளிச்சு வெச்சிருந்தா எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்க. ஒளிச்சது அவங்க தப்பு, ஒளிக்கிற மாதிரி நடந்துகிட்டது நம்ம தப்பு. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. டாக்டர் சொன்னதை டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க. சீரகத் தண்ணியையும் நிறுத்தாதீங்க. எங்க வீட்டுக் கடிகாரத்தை நான் தள்ளி வெச்சிருக்கேன். அது அரசாங்கத்துக்காக இல்லை. வீட்டுக்காரர் முட்டிக்காக. இது வயித்துக்கு. இனி நாட்டுக்கு." அதற்குப் பிறகு ஆறு நிமிஷம் அமைச்சரவையைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல், "அது பன்னெண்டாம் தேதி இல்லை, பதினாலு" என்று திருத்தியது. அக்கா அதை அழிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து செய்தியில் இரண்டு குரல். அவள் பேசுவாள், அவர் தேதியைத் திருத்துவார். ஒரே மாதத்தில் நெஞ்செரிச்சல் போயிற்று. சோம்புத் தண்ணீர் கடைசியில் வேலை செய்துவிட்டது என்று அக்கா சொன்னாள். அதை மட்டும் அவர் திருத்தவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசாங்கம் சொன்னபடி கடிகாரத்தைப் பின்னால் தள்ளிப் பழைய மணிக்குத் திரும்பியது. சனிக்கிழமை முழுக்க அக்கா பேரப்பிள்ளைகள் வந்த கும்மாளத்தில் இருந்ததால் செய்தித்தாளைப் பிரிக்கவே இல்லை. மறுநாள் சமையலறைக் கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியதும் குரல்செய்தியை அனுப்பினாள். ஊருக்கு அப்போது நாலே முக்கால்.

கட்டடம் முழுக்க விளக்கு எரிந்தது. யாரோ பல் துலக்கிவிட்டு ஜன்னலைத் திறந்து இருட்டைப் பார்த்துத் திட்டினார்கள். தையல்காரர் போர்வையோடு படிக்கட்டில் நின்று, "அக்கா! பழைய மணி வேணும்னு நீங்கதானே கேட்டீங்க! குடுத்துட்டாங்க!" என்று மேல்நோக்கிக் கத்தினார்.

அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. முகத்தில் வெட்கம் வந்தது போலிருந்தது, ஆனால் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"ஆறு மாசமா உடம்பு பழகின மணி! அதைப் போய் ஒரே நாள்ல புடுங்கறாங்களே, கல்லீரல் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி, "ஏங்க, எழுந்திருங்க. இதைப் பத்தி நாம பேசணும்" என்றாள்.